கார்மோரின் பின்தள மூடி

அந்தத் தட்டும் ஓசை ஏவிஸ் கார்க்கமின் காதில் முதன்முதலாக விழுந்தபோது மதியம் இரண்டரை மணி. அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காலையில் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து ஏறி வந்த மூடுபனி, எதிர்க்கரையில் டார்ட்மத் ஊரின் குன்றின்மேல் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு, அவள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அறையை ஒட்டி வந்து நின்றிருந்தது. உள்ளே மேசைமேல் நாலேகால் அடி நீளத்தில் ஒரு போர்க்கப்பலின் உடல், இன்னும் வண்ணம் ஏறாமல், பைன் மரத்தின் வெளிர்மஞ்சளில் கிடந்தது. ஏவிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, தலைமுடி கனத்தில் பித்தளைக் கம்பியை வளைத்துக் கப்பலுக்குக் கைப்பிடிக் கிராதி செய்துகொண்டிருந்தாள்.

டக். டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

புருஷன் கார்னெட் மீன் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். வெந்நீர்க் குழாயாக இருக்கும் என்று நினைத்துக் குழாயில் கைவைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. மறுபடியும் ஓசை வந்தது. இந்த முறை எங்கிருந்து வருகிறது என்பதில் சந்தேகமே இல்லை. மேசைமேல் இருந்து. கப்பலுக்குள் இருந்து.

ஏவிஸ் எளிதில் மிரளுகிற ஆள் இல்லை. முப்பத்துமூன்று வருஷம் பல் மருத்துவர்களுக்காகப் பொய்ப்பல் செய்துகொடுத்தவள். ஒரு பல்செட்டை நகத்தால் சுண்டினால் போதும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று ஓசையை வைத்தே சொல்லிவிடுவாள். கப்பலையும் அப்படியே முன்னாலிருந்து பின்னால்வரை விரல் விரலாகச் சுண்டிப் பார்த்தாள். எங்கும் ஒரே மாதிரியான, நல்ல, முழு ஓசை. ஒட்டு விடவில்லை. பலகை வெடிக்கவில்லை.

அவளுடைய கையில் கப்பல் வந்து சேர்ந்த கதை கொஞ்சம் நீளம். உலகப்போர் நடந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. இதே குன்றின்மேல், இரண்டு தெரு தள்ளி, அப்பா வீடு. மாடி ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் மொத்தமும் தெரியும். அட்லாண்டிக்கைத் தாண்டப் போகும் சரக்குக் கப்பல்கள் கூட்டம் கூட்டமாகச் சேரும். அவற்றுக்குக் காவலாகச் சின்னச் சின்னப் போர்க்கப்பல்கள் போகும். ஏவிஸ் ஒரு பள்ளிக்கூட நோட்டில் அவற்றை வரைந்து வைத்தாள். போனது எத்தனை, திரும்பியது எத்தனை என்று ஓரத்தில் கோடு கிழித்தாள். கரைக்காவல் சிப்பாய் ஒருவன் பேருந்து நிறுத்தத்தில் அதைப் பார்த்துவிட்டான். "உனக்கு யாரு இதெல்லாம் வரையச் சொன்னா?" என்று கேட்டு, அவள் கண்முன்னாலேயே நோட்டை நாலாகக் கிழித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான். அவள் அழவில்லை. ஆனால் கிழிந்த பக்கங்களில் இருந்த கப்பல்கள் ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம்.

முப்பத்தைந்து வயதில், வேலையில் மிஞ்சிய பல்மெழுகிலும் பசையிலும் முதல் கப்பலைச் செய்தாள். பல் குடையும் ஊசிகள்தான் ஆயுதம். வண்ணம் அவளுக்குப் பழகிய வித்தை. யாருடைய பல்லும் வெறும் வெள்ளை இல்லை என்று தெரிந்தவளுக்கு, போர்க்கப்பலின் சாம்பலில் எங்கே உப்பு பூத்திருக்கும், எங்கே துரு கண்ணீர்போல வழிந்திருக்கும் என்பதைக் காண்பது பெரிய காரியமாகப் படவில்லை. தீயணைப்பு நிலையத்து மாடியில் மாதம் ஒருமுறை கூடும் மாதிரிக்கப்பல் சங்கத்தில் அவள் ஒருத்திதான் பெண். உள்ளே நுழைந்தாலே யாராவது ஒருவர், "ஏவிஸ் வந்தாச்சு, எல்லாரும் பல்லக் காட்டுங்கப்பா!" என்பார். அவளும் சளைக்காமல், "உன்னோடத மொதல்ல கழட்டி வை, பாக்கறேன்" என்பாள்.

அந்தச் சங்கத்தின் கண்காட்சிக்குத்தான் ஜில்ஃபா மோஷர் வந்தார். கிழக்குக் கரையில் டீல் கோவ் என்னும் மீனவர் ஊர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கல்யாணம் செய்துகொள்ளாதவர், அறுபத்தெட்டு வயது. குட்டையான உருவம், தொடைக்குக் கீழே தொங்கும் ஆண்பிள்ளைக் கோட்டு. ஏவிஸின் கப்பல்களுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார்.

"இது கார்மோர். நாப்பத்துமூணு பிப்ரவரியில முழுகிடுச்சு. என் தம்பி லெவலின் இதுலதான் இருந்தான். எங்க ஊர்ச் சர்ச்சுல வைக்க எனக்கு இதே மாதிரி ஒண்ணு வேணும்."

"படம் ஒண்ணுதான் இருக்கா?"

"படம் ஒண்ணு. ஆளு ஒருத்தரு. ஹாலிஸ் வீகில்னு, தப்பிச்சு வந்தவரு. உங்க டார்ட்மத்லதான் இருக்காரு. லெவலின் கடைசியா பீரங்கிப் பக்கத்துல நின்னான், ஒரு அலை வந்துச்சு, ஒரு நொடியில போயிட்டான்னு சொன்னது அவருதான். வலியே தெரிஞ்சிருக்காதாம். நான் சொன்னா வந்து உங்களுக்கு எல்லாம் சொல்லுவாரு."

ஹாலிஸ் வீகில் வந்தார். அறுபது வயது, மனைவியை இழந்தவர், வீடுகளின் நிலவறைகளில் சூடேற்றும் அடுப்புகளைப் பழுதுபார்த்தே காலத்தை ஓட்டியவர். செவ்வாய்தோறும் மூன்று மணிக்கு இஞ்சி பிஸ்கட் பொட்டலத்தோடு வருவார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். புகைபோக்கியில் இடப்பக்கம் நசுங்கல் இருந்தது. காவல்கூண்டின் கித்தான் கிழிந்து, ஒருவன் தன் பழைய கால்சட்டைத் துணியால் ஒட்டுப்போட்டிருந்தான். பின்தளத்தில், நீர்மூழ்கிகளுக்கு எதிராக உருட்டிவிடும் ஆழ்குண்டுகள் பீப்பாய்போல வரிசையாக இருக்கும். அவற்றுக்கு நடுவே கீழே கிடங்குக்குப் போகும் சதுரமான இரும்பு மூடி. அந்த மூடியைப் பற்றி ஏவிஸ் கேட்டபோது மட்டும், "அது... அது சாதாரண மூடிதான்" என்றார். "சுத்தி ஆறு கொக்கி."

ஏவிஸ் ஆறு கொக்கிகளையும் பித்தளையில் அறுத்தாள். ஒவ்வொன்றும் அரிசி நுனி அளவு. மூடியை மூடிய நிலையில் ஒட்டினாள்; கடலில் போகும் கப்பலில் மூடி மூடித்தானே இருக்கும்.

ஓசை வந்தது அதற்கு அடுத்த வாரம்.

கார்னெட்டிடம் சொன்னபோது அவன் சிரித்தான். ஹாலிஃபாக்ஸுக்கும் டார்ட்மத்துக்கும் நடுவே ஓடும் படகில் முப்பது வருஷம் கயிறு பிடித்தவன் அவன். "உலகத்துலயே ஜாஸ்தி தூரம் கடல்ல போனவன் நான்தான், ஆனா எங்கயும் போய்ச் சேரல" என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வான். கப்பலில் எலி ஏறாமல் இருந்தால்தான் அதிசயம் என்றான். "வேணும்னா ஒரு பூனை செஞ்சு தளத்துல விடு."

வியாழக்கிழமை அவன் தனியாகக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் தாளை மடிக்காமலே எழுந்து வந்தான்.

"ஏவிஸ்."

"என்ன?"

"எலி எண்ணித் தட்டாது."

அன்றிலிருந்து செய்தித்தாளைச் சமையலறையில் படித்தான்.

பிறகு மூடி. ஒரு புதன்கிழமை காலையில் ஏவிஸ் பார்த்தபோது பின்தளத்து மூடி திறந்திருந்தது. கொக்கிகள் ஆறும் ஒரு பக்கமாகத் திருப்பப்பட்டிருந்தன. ஓரத்தில் பசை பெயர்ந்து பித்தளை மினுங்கியது. தான்தான் இடித்துவிட்டோமோ என்று நினைத்து மறுபடி ஒட்டினாள். அடுத்த புதன்கிழமையும் திறந்திருந்தது. மூன்றாவது முறையும். மூடிக்குக் கீழே ஒரு அங்குலச் சதுரத்தில் கறுப்பு. உள்ளே அவள் குடைந்த வெற்று மரவயிறுதான். அது அவளுக்கே தெரியும். ஆனாலும் அந்தக் கறுப்பைக் குனிந்து பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. பார்க்காமலேயே பசை வைத்து மூடினாள்.

எப்போதும் செவ்வாய்க்கு மறுநாள். அது அவளுக்கு உறைக்க மூன்று வாரம் ஆயிற்று.

நவம்பர் இரண்டாம் செவ்வாய். ஹாலிஸ் வந்தார். ஏவிஸ், "டீ போட்டுட்டு வரேன்" என்று சமையலறைக்குப் போனாள். கெண்டியை அடுப்பில் வைக்கவில்லை. கதவை ஒருக்களித்து, இடுக்கில் கண்ணை வைத்தாள். கார்னெட் சமையலறை மேசையருகே கையில் ரொட்டியோடு உறைந்து நின்றான்.

ஹாலிஸ் சிறிது நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டு, மேசைக்கு முன்னால் முட்டிபோட்டார். சர்ச்சில் முட்டிபோடுவதுபோல, அவ்வளவு பழக்கமாக. தலையைச் சாய்த்துக் கப்பலின் பின்தளத்தில் காதை வைத்தார். கண்ணை மூடினார்.

டக். டக். டக்.

ஹாலிஸ் வலதுகை ஆள்காட்டி விரலை மடக்கி, நகத்தால் தளத்தைத் தட்டினார். டக். டக். டக்.

உள்ளே இருந்து பதில் வந்தது.

கார்னெட்டின் கையிலிருந்து ரொட்டி விழுந்தது. ஹாலிஸ் சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, முனையால் கொக்கிகளை ஒவ்வொன்றாக நெம்பத் தொடங்கினார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நாலாவது கொக்கியில் ஏவிஸ் உள்ளே போனாள்.

அவர் திடுக்கிட்டு எழவில்லை. அப்படியே முட்டிபோட்டபடி அவளை நிமிர்ந்து பார்த்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"மிஸஸ் கார்க்கம்... உங்களுக்கு ஏதாவது கேக்குதா?"

"கேக்குது, ஹாலிஸ்."

"நெசமாவா? எனக்காகச் சொல்லாதீங்க."

"போன மாசத்துலேர்ந்து கேக்குது. கார்னெட்டுக்கும் கேட்டுச்சு."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரிய உடம்பு குலுங்கியது. "நான் மட்டுந்தான்னு நெனச்சேன்," என்றார். "நாப்பத்தோரு வருஷமா, எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்."

கார்னெட் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, டீக்குப் பதிலாக ரம் ஊற்றிக் கொடுத்தான். அவர் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தபடியே சொன்னார்.

அன்று கார்மோர் ஒரு நீர்மூழ்கியைத் துரத்திக்கொண்டிருந்தது. கீழே கிடங்கில் மூன்று பேர் ஆழ்குண்டுகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள்: லெவலின் மோஷர், திபோடோ என்னும் பிரெஞ்சு பேசும் அக்கேடியன், ஒன்டாரியோவிலிருந்து வந்த பிங்ஹாம் என்னும் பொடியன். மேலே மூடிக்குப் பக்கத்தில் ஹாலிஸ். பத்தொன்பது வயது. நீர்மூழ்கி விட்ட டார்பீடோ குண்டு பக்கவாட்டில் அடித்தது. பின்பக்கம் உடனே தாழ்ந்தது. கடல் தளத்தில் ஏறி, மூடி வழியாக உள்ளே கொட்டத் தொடங்கியது.

"மூடுடான்னு கத்துனாங்க. மூடலேன்னா அஞ்சு நிமிஷத்துல கப்பலே போயிடும். லெவலின் ஏணியில பாதி ஏறிட்டான். தண்ணி அவன் மூஞ்சியில அடிக்குது. என்னப் பாத்தான். 'ஹாலிஸ், ஒரு நிமிஷம்டா'ன்னான். சாதாரணமாத்தான் சொன்னான், பஸ்ஸ நிறுத்தச் சொல்றாப்ல. நான் மூடிட்டேன். ஆறு கொக்கியையும் போட்டேன்."

"நீங்க மூடினதாலதானே மத்தவங்க தப்பிச்சாங்க?" என்றான் கார்னெட்.

"நாப்பத்தொம்பது பேரு. என்னையும் சேத்து. எல்லாரும் அதத்தான் சொன்னாங்க." அவர் ரம்மைத் தொடவே இல்லை. "அப்புறம் அவங்க தட்ட ஆரம்பிச்சாங்க. போர் முடிஞ்சு வந்தப்ப என்ன வேலைக்கு வேணும்னாலும் போயிருப்பேன். அடுப்பு வேலைக்கு ஏன் போனேன் தெரியுமா? எந்த வீட்டு நெலவறையிலயும் பைப் தட்டிக்கிட்டேதான் இருக்கும். பைப்புதான்னு சொல்லிக்கலாம் பாருங்க."

ஜில்ஃபாவிடம் அவரே சொல்ல வேண்டும் என்று ஏவிஸ் சொன்னாள். அதிகம் வற்புறுத்தத் தேவைப்படவில்லை. சனிக்கிழமை மதியம் ஜில்ஃபா பேருந்தில் வந்திறங்கினார். ஹாலிஸ் உட்கார மறுத்து, நின்றபடியே சொல்லிமுடித்தார். ஜில்ஃபா கோட்டைக் கழற்றவில்லை. வகுப்பில் பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் தட்டினான்?"

"பதினோரு நிமிஷம்."

"நீ என்ன பண்ணே?"

"பதிலுக்குத் தட்டினேன், மிஸ் மோஷர். ஸ்பேனரால. நான் இங்கதான் இருக்கேன்னு அவனுக்குத் தெரியட்டும்னு."

"பதினோரு நிமிஷமுமா?"

"பத்து. கடைசியில படகுக்குப் போகச் சொல்லிட்டாங்க."

"அந்த ஒரு நிமிஷம் அவன் தட்டிட்டிருந்தானா?"

ஹாலிஸ் கப்பலின் பின்தளத்தைப் பார்த்தார்.

"ஆமா."

ஜில்ஃபா கைப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் உனக்குப் பழக்கேக் அனுப்பினேன், ஹாலிஸ். என் தம்பிகூட கடைசியா இருந்த பையன்னு."

"ஒரு துண்டுகூட தின்னதில்ல, மிஸ் மோஷர்."

"பின்ன என்ன பண்ணே?"

"பறவைங்களுக்குப் போட்டேன்."

"அதுங்களாவது நல்லா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போய்விட்டார். கப்பலை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன்பின் அவரிடமிருந்து சேதியே இல்லை. ஹாலிஸும் செவ்வாய்க்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டார். ஏவிஸ் கப்பலை முடித்தாள். பாதியில் விட அவளால் முடியாது. வெள்ளையும் வெளிர்நீலமும் வெளிர்பச்சையும் பட்டை பட்டையாக ஏற்றினாள். வட அட்லாண்டிக்கின் வெளிச்சத்தில் கப்பலைக் கரைத்துவிடும் நிறங்கள். நங்கூரத் துளைக்குக் கீழே துரு. நீர்க்கோட்டில் பாசி. கித்தானில் பழுப்புக் கால்சட்டைத் துணி ஒட்டு. மூடியை மறுபடி மூடினாள், ஆனால் பசை வைக்கவில்லை.

ஓசை நிற்கவில்லை. டிசம்பரில் அது அவளுக்குப் பழகிப்போயிற்று. ஒருநாள் கார்னெட் கதவருகில் வந்து நின்றான். அவள் இடதுகையில் தூரிகையைப் பிடித்து, வலதுகை நகத்தால் தளத்தில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே நீ?"

ஏவிஸ் தன் விரலைப் பார்த்தாள். அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. "யாராவது பதில் சொல்லணும்ல," என்றாள்.

"நாளைக்கே இத வேற எங்கயாவது கொண்டுபோய் வச்சிடலாம்."

"எங்க வைப்பே? எங்க வச்சாலும் யாராவது ஒருத்தரு பக்கத்துல இருக்கணும்."

ஜனவரியில் இடைவெளிகள் நீண்டன. மூன்றுக்குப் பதில் இரண்டு. பிறகு ஒன்று, நெடுநேரம் கழித்து இன்னொன்று. மாதக் கடைசியில், உறைபனி ஜன்னலில் பூவேலை செய்திருந்த ஒரு பிற்பகலில், அவள் தட்டினாள், பதில் வரவில்லை. தூரிகை முனையில் வண்ணம் காய்ந்து இறுகும்வரை காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். அத்தனை வாரத்தில் ஓசை கேட்டபோது வராத பயம் இப்போது வந்தது. எழுந்துபோய்ச் சமையலறையில் கார்னெட்டை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அவன் ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

பிப்ரவரியில் ஜில்ஃபா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"கப்பல் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு, மிஸ் மோஷர்."

"பைன் மரம் மண்ணுக்குள்ள எத்தன வருஷம் தாங்கும்?"

ஏவிஸுக்குப் புரியவில்லை. ஜில்ஃபா நிதானமாகச் சொன்னார். சர்ச்சில் வைக்கப்போவதில்லை. டீல் கோவ் இடுகாட்டில், அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில், லெவலினுக்காக ஒதுக்கிய இடம் நாற்பத்திரண்டு வருஷமாகப் புல் மண்டிக் கிடக்கிறது. புதைக்க ஒன்றுமே இல்லாததால் குழி வெட்டவில்லை. இப்போது ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் மண் இளகியதும் அடக்கம் செய்யலாம் என்று பாதிரியார் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஏவிஸ் தொலைபேசியைப் படாரென்று வைத்தாள். கோபத்தில்தான். "பதினாலு மாசம்! ஒவ்வொரு கொக்கியும் அரிசி நுனி அளவு. அதக் கொண்டுபோய் மண்ணுல போடுவாங்களாம். புழு பாக்கறதுக்கா நான் செஞ்சேன்?"

கார்னெட் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே, "முப்பத்துமூணு வருஷம் பல்லு செஞ்சியே," என்றான். "அதெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

"வாயில இருக்கு."

"அந்த வாயெல்லாம் எங்க இருக்கு?"

அவள் கோபம் போக இரண்டு நாள் ஆயிற்று.

ஏப்ரல் கடைசியில் கடலோரச் சாலையில் ஜில்ஃபாவின் மருமகன் முறைக்காரர் ஓட்டிய லாரியில் கார்மோர் போயிற்று, சாம்பல் கம்பளி போர்த்தி. ஏவிஸும் கார்னெட்டும் பின்னால் காரில். வழி நெடுகப் பனி. எதிரே நடந்துவந்த மீனவர் ஒருவர் லாரியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். நாலேகால் அடி நீளம், கம்பளிக்கு அடியில். குழந்தை என்று நினைத்திருப்பார்.

இடுகாட்டில் ஊர் பாதி நின்றிருந்தது. ஹாலிஸ் வேலிக்கு வெளியே நின்றார். உள்ளே வரச்சொல்லி யாரும் அழைத்திருக்கவில்லை. அவராகவே செய்தி கேட்டு வந்திருந்தார். பாதிரியார் லெவலின், திபோடோ, பிங்ஹாம் மூவரின் பெயரையும் வாசித்தார். கம்பளியை விலக்கினார்கள். வெள்ளையும் நீலமும் பச்சையுமாகக் கப்பல் தெரிந்ததும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. பனியோடு பனியாக, அதன் ஓரங்கள் உண்மையாகவே கரைந்து நின்றன.

ஏவிஸ் ஜில்ஃபாவின் அருகில் போய்க் காதோடு கேட்டாள். "மூடி மூடியிருக்கு. அப்படியே விடவா, தெறக்கவா?"

ஜில்ஃபா வேலிப் பக்கம் திரும்பினார். "ஹாலிஸ். வா இங்க."

அவர் வந்தார். கிழட்டு நாயைப்போல, கூப்பிட்டதற்கு அடிப்பார்களா தடவுவார்களா என்று தெரியாமல்.

"தெற."

பேனாக்கத்தியை எடுத்தார். முதல் கொக்கியே பிடிபடவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆறு கொக்கிகளைத் திருப்பி மூடியைத் தூக்க ஐந்து நிமிஷத்துக்குமேல் ஆயிற்று. அத்தனை நேரமும் ஜில்ஃபா குனிந்து அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கயிற்றில் இறக்கினார்கள். ஜில்ஃபா முதல் பிடி மண் போட்டார். பிறகு கார்னெட் மண்வெட்டியை எடுத்தான். இரண்டு முறை வாரிப் போட்டவன் சட்டென்று நிறுத்திக் குழிக்குள் எட்டிப் பார்த்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற ஏவிஸுக்கும் கேட்டிருந்தது. மூடி வழியாக உள்ளே விழுந்த மண் உடனே ஓசை கொடுக்கவில்லை. கப்பலின் வயிறு நாலு அங்குல ஆழம், அவளே குடைந்தது. மண் விழுந்து, விழுந்துகொண்டே போய், கிணற்றில் போட்ட கல்லுக்குக் காத்திருப்பதுபோல அவ்வளவு நேரம் கழித்து, எங்கோ மிகக் கீழே தண்ணீரில் பட்டது.

"ஏவிஸ்," என்றான் கார்னெட், உதடு அசையாமல்.

"போடு," என்றாள் அவள். "நிறுத்தாத."

போட்டான். மற்ற ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். குழி நிரம்ப அதன் அளவுக்குத் தேவையானதைவிட நிறைய மண் பிடித்தது. வெட்டிக் குவித்த மண் போதாமல், வேலியோரத்திலிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவர வேண்டியிருந்தது. அதைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு சர்ச்சுக் கூடத்தில் மீன் சூப்பும் ரொட்டியும் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பும் பரிமாறினார்கள். ஜில்ஃபா ஹாலிஸுக்கு ஒரு கிண்ணம் சூப் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தார். ஹாலிஸ் கிண்ணத்தை வழித்துக் குடித்தார்.

மன்னிப்பு என்று அவர்களுக்குள் ஒரு சொல் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. கிறிஸ்மஸ் கேக் அதற்குப் பிறகு வரவில்லை. ஹாலிஸ் இன்னும் ஆறு வருஷம் இருந்தார். அவ்வப்போது ஏவிஸ் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்த்துவிட்டுப் போவார். அப்படி ஒருநாள் நிலவறைப் படியில் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: ஒவ்வொரு பிப்ரவரியிலும் கார்மோர் முழுகிய நாளன்று மிஸ் மோஷர் தொலைபேசியில் கூப்பிடுகிறார்.

"என்ன பேசுவாங்க?" என்றாள் ஏவிஸ்.

"ஒண்ணும் பெரிசா இல்ல. உங்க பக்கம் பனி எவ்வளவுன்னு கேப்பாங்க, நான் சொல்லுவேன். மீன் வெல கேப்பேன், அவங்க சொல்லுவாங்க. அப்புறம் பேச ஒண்ணும் இருக்காது." துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். "ஆனா போன வைக்க மாட்டாங்க. நானும் வைக்க மாட்டேன். கடிகாரத்தப் பாத்துக்கிட்டே அப்படியே இருப்போம்."

"எவ்வளவு நேரம்?"

ஹாலிஸ் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனார்.